சாவி கைக்கு வந்தது... பாலிசி வந்ததா?

திருச்சி, ஸ்ரீரங்கம் செல்ஃப் டிரைவ் கார்கள்: கீறலில் தொடங்கும் தகராறு எங்கே போய் முடிகிறது?

ஞாயிறு இரவு ஒன்பதரை மணி. திருச்சி ஜங்ஷனுக்குப் பக்கத்துச் சந்து. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டிய ஒரு குடும்பம், பெட்டியும் பிரசாதப் பையும் தோளில் தூங்கும் குழந்தையுமாக ஒரு காரின் பக்கத்தில் நிற்கிறது. செல்போன் டார்ச்சைப் பிடித்தபடி ஓர் இளைஞர் வண்டியைச் சுற்றி வருகிறார். இடப்பக்கப் பின்கதவில் வெளிச்சம் நின்றுவிடுகிறது.

“சார், இது புதுசு.”

“தம்பி, காலையில எடுக்கும்போதே இருந்துச்சே. ஸ்ரீரங்கம், திருவெள்ளறை, அன்பில்னு கோயிலுக்குத்தான் போயிட்டு வர்றோம்.”

“அப்ப எடுத்த வீடியோ இருந்தா காட்டுங்க சார். டோர் ஃபுல்லா பெயின்ட் அடிக்கணும். நாலாயிரம் ஆகும். ரெண்டு நாள் வண்டி ஷெட்ல நிக்கும், அந்த வாடகை வேற.”

“இன்சூரன்ஸ் இருக்குன்னு சொன்னீங்களே?”

“இருக்கு சார். இதுக்கெல்லாம் போட மாட்டோம்.”

ரயிலுக்கு நேரமாகிறது. அட்வான்ஸ் 5,000 ரூபாய் இளைஞரின் கணக்கில் இருக்கிறது. பேரம் சீக்கிரம் முடிந்துவிடும், யார் பக்கம் முடியும் என்பதும் தெரிந்ததுதான். ஆளும் வண்டியும் வாராவாரம் மாறும், வசனம் மாறுவதில்லை.

எல்லோர் கண்ணும் கதவிலிருக்கும் கோட்டின்மேல் இருக்கும். கேட்க வேண்டியது அந்தக் கடைசி வசனத்தைப் பற்றி. இன்சூரன்ஸ் இருந்தும் ஏன் போட மாட்டார்கள்? பெரும்பாலும் வண்டியின் நம்பர் பிளேட்டைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

வெள்ளை, மஞ்சள், கறுப்பு

திருச்சியில் இந்தத் தொழில் பெருகியதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. விமான நிலையத்தின் புதிய முனையம் 2024 ஜனவரி 2-ல் திறக்கப்பட்டது. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, வளைகுடா நாடுகளிலிருந்து இறங்குபவர்களில் பலர் புதுக்கோட்டை, தஞ்சை, காரைக்குடிப் பக்கத்து ஆட்கள். பத்து நாள் லீவில் கல்யாணம், காதுகுத்து, பத்திரப்பதிவு என்று சுற்ற ஒரு வண்டி வேண்டும். சென்னையிலிருந்து ரயிலில் வந்து திவ்யதேசங்களைச் சேவிக்க நினைப்பவர்களுக்கும் வேண்டும். வாரக்கடைசியில் கொல்லிமலைக்குக் கிளம்பும் கல்லூரிப் பிள்ளைகளைச் சொல்லவே வேண்டாம். ஆக்டிங் டிரைவருக்குக் கொடுக்கும் காசு மிச்சம், குடும்பத்தோடு தனியாகப் போகலாம் என்ற வசதி வேறு.

வாடகைக்கு வரும் வண்டிகளில் TN 45, TN 48, TN 81 எது வேண்டுமானாலும் இருக்கலாம். அந்த எழுத்துகளைவிட, அவை எழுதப்பட்ட பலகையின் நிறத்தைத்தான் பார்க்க வேண்டும். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் ஓன் போர்டு, சொந்த உபயோகத்துக்கு மட்டும். மஞ்சளில் கறுப்பு என்றால் டிரைவரோடு ஓடும் டாக்ஸி. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் வாடிக்கையாளரே ஓட்டிச் செல்ல உரிமம் பெற்ற வாடகை வண்டி.

இந்த மூன்றாவது வகைக்கு 1989-ல் மத்திய அரசு கொண்டுவந்த ‘ரென்ட் எ கேப்’ திட்டத்தின்படி உரிமம் வாங்க வேண்டும். உரிமம் கேட்பவரிடம் அகில இந்திய சுற்றுலா பர்மிட்டுடன் குறைந்தது 50 கார்கள் இருக்க வேண்டும் என்கிறது அந்தத் திட்டம். தில்லைநகரிலும் உறையூரிலும் மூன்று கார், நாலு கார் வைத்திருப்பவருக்கு அது எட்டாத எண். அதனால் அவர் வெள்ளைப் பலகையோடே வாடகைக்கு விடுகிறார். பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 192ஏ பிரிவின்படி முதல் முறையே 10,000 ரூபாய் அபராதத்துக்கும் ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. வரியும் எஃப்.சி.யும் பர்மிட்டும் கட்டி மஞ்சள் போர்டு ஓட்டுகிறவர்களின் கோபம் நியாயமானதே.

[பெட்டிச் செய்தி] ஒரே கார், இரண்டு பிரீமியம்

1,200 சி.சி. பெட்ரோல் கார் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜூன் 1-ல் அமலுக்கு வந்த கட்டணப் பட்டியலின்படி ஓன் போர்டு என்றால் ஓர் ஆண்டுக்கான தேர்டு பார்ட்டி பிரீமியம் 3,416 ரூபாய். அதே கார் நாலு பயணிகளை ஏற்றும் டாக்ஸி என்றால் அடிப்படை 7,940 ரூபாய், தலைக்கு 978 ரூபாய் சேர்த்து மொத்தம் 11,852 ரூபாய். வரி தனி. வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு விடுபவர் மிச்சம் பிடிக்கும் தொகையில் முதலாவது இது. அந்த மிச்சத்தோடு வரும் ஆபத்தில் பாதி, சாவியை வாங்குபவர் தலையில்.

கிளெய்ம் ஃபாரத்தில் ஒரு கேள்வி

சொந்தக் காருக்கான பாலிசியை முழுசாகப் படித்தவர் குறைவு. அதில் உபயோக வரம்பு என்று ஒரு பத்தி இருக்கும். வாடகைக்கோ, கூலிக்கோ, பந்தயத்துக்கோ பயன்படுத்தினால் இந்தப் பாலிசி பொருந்தாது என்று அது சொல்லும். ‘பம்பர் டு பம்பர்’ எடுத்திருந்தாலும் இந்தப் பத்தி போய்விடாது. தேய்மானக் கழிவைத் தவிர்க்க மட்டுமே அது உதவும்.

விபத்து நடந்து கிளெய்ம் போட்டால் வண்டியை ஓட்டியது யார், உங்களுக்கு என்ன உறவு, எதற்காகப் போனார் என்று ஃபாரம் கேட்கும். சர்வேயர் வந்து அதையே மறுபடி கேட்பார். அப்போது ஓனர் சொல்லும் வழக்கமான பதில், “மச்சான் எடுத்துட்டுப் போனார்.” வாடகைக்கு எடுத்தவரையும் அதற்கு ஆமாம் போட்டுக் கையெழுத்திடச் சொல்வார்கள். நாலாயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்கப் பொய் வாக்குமூலம் கொடுக்கிறோம் என்பது அந்த அவசரத்தில் உறைப்பதில்லை.

சட்டப்படி கறுப்புப் பலகையோடு தொழில் செய்பவர்கூடச் சின்னக் கீறலுக்குக் கிளெய்ம் போடத் தயங்குவார். காரணம் நோ கிளெய்ம் போனஸ். ஐந்து ஆண்டு கிளெய்ம் இல்லாமல் இருந்தால் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை கழிவு கிடைக்கும். 14,000 ரூபாய் பிரீமியம் என்று வைத்துக்கொண்டால் கழிவு 7,000. ஒரு கதவுக்காக நாலாயிரம் வாங்கப் போய், புதுப்பிக்கும்போது அந்த ஏழாயிரத்தை இழக்க வேண்டிவரும். பாலிசிதாரர் தன் கையிலிருந்து போட வேண்டிய கட்டாயக் கழிவும், பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதத் தேய்மானமும் தனி. வாடிக்கையாளரின் அட்வான்ஸிலிருந்து எடுத்துக்கொள்வதே லாபம் என்ற முடிவுக்கு எந்த ஓனரும் சுலபமாக வந்துவிடுவார்.

இதைப் புரிந்துகொண்டால் ஸ்ரீரங்கத்தின் சிக்கல் விளங்கும். உத்தர வீதிகளும் சித்திரை வீதிகளும் தேர் ஓடுவதற்கான வீதிகள். இன்றைக்கு அவற்றில் இரண்டு பக்கமும் வண்டிகள், நடுவில் ஆட்டோ, பூக்கூடை, சைக்கிள், அவ்வப்போது மாடு. வைகுண்ட ஏகாதசி சமயத்தில் தடுப்புக் கட்டைகளுக்கிடையே காரைத் திருப்புவது உள்ளூர்க்காரருக்கே சோதனை. பார்க் செய்துவிட்டுத் தரிசனத்துக்குப் போய்த் திரும்பினால் பம்பரில் கோடு விழுந்திருக்கும். யார் போட்டது என்று பெருமாளுக்குத்தான் தெரியும். வண்டியை எடுத்தவர் ஓட்டும்போது ஒரு தப்பும் செய்யவில்லை. பணம் மட்டும் அவருடையது.

இந்த இடத்தில் பழைய சட்டம் ஒன்று துணைக்கு வருகிறது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151, 152 பிரிவுகள்படி, அடுத்தவர் பொருளைப் பெற்று வைத்திருப்பவர் தன் சொந்தப் பொருளுக்குச் சாதாரணமாக ஒருவர் காட்டும் கவனத்தைக் காட்டினால் போதும். அதற்கு மேல் சேதமானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அவர் பொறுப்பல்ல. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது என்பதைக் கவனியுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த விதிமுறைகளுக்கு நீங்கள் போட்ட ‘ஓகே’ அந்த ஒப்பந்தமாகிவிடக்கூடும்.

ஆலப்புழையில் ஒரு மழை இரவு

கீறலோடு போனால் பணத்தோடு போயிற்று. 2024 டிசம்பர் 2 இரவு, கேரளத்தில் ஆலப்புழைக்குப் பக்கத்தில் களர்கோடு. கொட்டும் மழையில் மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர்கள் பதினோரு பேர் ஏறிய பழைய டவேரா, எதிரே வந்த கேரள அரசுப் பேருந்தில் மோதியது. அன்றிரவே ஐந்து மாணவர்கள் போய்விட்டார்கள். ஆறாவது மாணவர் சில நாளில் மருத்துவமனையில் இறந்தார்.

வண்டி ஓன் போர்டு. தெரிந்த பிள்ளைகள் கேட்டார்கள், கொடுத்தேன், வாடகை வாங்கவில்லை என்றுதான் உரிமையாளர் முதலில் சொன்னார். விசாரணையில் 1,000 ரூபாய் கூகுள் பே பரிவர்த்தனை வெளியே வந்தது. அனுமதியின்றி வாடகைக்கு விட்டதாக அவர்மேல் மோட்டார் வாகனத் துறை நடவடிக்கை எடுத்தது. திருச்சியிலும் இன்று எல்லா அட்வான்ஸும் வாடகையும் செல்போன் வழியாகத்தான் போகின்றன. ‘மச்சான்’ கதை எந்த இடத்தில் உடையும் என்பதை ஓனர்கள் இங்கிருந்து தெரிந்துகொள்ளலாம்.

அப்படி ஒரு விபத்தில் வழியில் போனவர் அடிபட்டால்? வாடகைக்கு ஓட்ட பர்மிட் இல்லாத வண்டியை வாடகைக்கு ஓட்டியதைக் காரணம் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பை மறுக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-வது பிரிவே இடம் தருகிறது. பாதிக்கப்பட்டவரைத் தெருவில் விடாமலிருக்க நீதிமன்றங்கள் பெரும்பாலும் ஒரு வழி செய்கின்றன: முதலில் நிறுவனம் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். பர்மிட் இல்லாத வண்டி சம்பந்தப்பட்ட அம்ரித் பால் சிங் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது இதைத்தான். மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகை லட்சங்களில் இருக்கும். இரண்டாயிரம் ரூபாய் வாடகைக்கு ஆசைப்பட்ட ஓனரின் வீடு வரை அது வந்து நிற்கலாம். கவனக்குறைவாக ஓட்டியவரும் அதே வழக்கில் எதிர்மனுதாரர்தான்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, ஓட்டியவரே இறந்துபோனால் நடப்பது. இரவல் வண்டியை ஓட்டி இறந்தவர் உரிமையாளரின் இடத்தில் இருப்பவராகிறார், அவர் மூன்றாம் நபர் அல்ல என்று 2009-ல் நிங்கம்மா வழக்கிலும் 2020-ல் ராம்கிலாடி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. உரிமையாளரின் இடத்தில் இருப்பவர் தன்னிடமே நஷ்டஈடு கேட்க முடியாது என்பது இதன் சாரம். மிச்சமிருப்பது தனிநபர் விபத்துக் காப்பீடு. 2018-ல் 15 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்ட அந்தக் கட்டாயக் காப்பீடு ‘உரிமையாளர் - ஓட்டுநர்’ என்ற ஒருவருக்கு. சாவி வாங்கிப் போனவர் பெயர் அதில் கிடையாது. காசு கொடுத்து எடுத்த வண்டியில் போனவரின் குடும்பம் கையில் ஒன்றுமில்லாமல் நிற்க நேரிடும்.

வாடகைக்கு விடுபவர்கள் யாரும் இதை வாடிக்கையாளரிடம் சொல்வதில்லை. அவர்களில் பலருக்கே இது தெரியாது.

மறுத்தாலும் 75 சதவீதம்

ஓன் போர்டு வண்டியை வாடகைக்கு விட்டது தெரிந்தவுடன் கிளெய்ம் முழுசாக நிராகரிக்கப்பட்டுவிட்டது, கதை முடிந்தது என்று பல ஓனர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உச்ச நீதிமன்றம் அவ்வளவு கறாராக இருக்கவில்லை. நிதின் கண்டேல்வால் வழக்கில் (2008) டாக்ஸியாக ஓடிய தனியார் வண்டி களவு போயிருந்தது. களவுக்கும் உபயோக விதிமீறலுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லி, 75 சதவீதம் தர வேண்டும் என்ற தீர்ப்பை நீதிமன்றம் உறுதிசெய்தது. அமலேந்து சாகூ வழக்கில் (2010) விபத்துக்குள்ளான வண்டி வாடகைக்கு விடப்பட்டதாகச் சொல்லி நிறுவனம் மொத்தமாக மறுத்தது. உபயோக வரம்பை மீறியிருந்தால் ஏற்கத்தக்க தொகையில் 75 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று இன்சூரன்ஸ் நிறுவனத்தின் வழிகாட்டுதலிலேயே இருப்பதை எடுத்துக்காட்டி, முழு நிராகரிப்பை நீதிமன்றம் தவறென்றது.

ஆனால் இது வண்டிச் சேதத்துக்கு, அதுவும் உண்மையைச் சொன்னவருக்கு. பொய் ஃபாரம் கொடுத்தவருக்கு இந்தக் கதவு திறப்பது கஷ்டம். 2021-ல் சுசீல் குமார் கோதாரா வழக்கில், பதிவே காலாவதியான வண்டி என்பதால் திருட்டுக் கிளெய்மையும் அதே நீதிமன்றம் நிராகரித்திருக்கிறது. ஆகவே 75 சதவீதத்தை உரிமையாக எண்ணித் தொழில் நடத்த முடியாது.

ஓனர்களின் வேதனையும் சின்னதல்ல. இ.எம்.ஐ. ஓடிக்கொண்டிருக்கும் காரை வாடகைக்கு எடுத்துப்போய், ஜி.பி.எஸ்.ஸைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு ஊரில் அடகு வைக்கும் கும்பல்களைப் பற்றித் தமிழ்நாட்டுப் போலீஸ் செய்திகளில் அடிக்கடி படிக்கிறோம். இதில் இன்சூரன்ஸ் நிறுவனம் கேட்கும் கேள்வி: சாவியை நீங்களாகக் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் அது திருட்டல்ல, நம்பிக்கை மோசடி என்று வாதிடும். பாலிசி காப்பது திருட்டை. மலையேற்றத்தில் கருகும் கிளட்ச் பிளேட்டுக்கும், சுரங்கப்பாதை வெள்ளத்தில் விட்டு எஞ்சினுக்குள் தண்ணீர் ஏற்றியதற்கும் சாதாரண பாலிசியில் இடமில்லை. வண்டி திரும்பிய இரண்டு வாரம் கழித்து ஓவர் ஸ்பீடு இ-சலான் வந்து சேரும்போது வாடிக்கையாளரின் எண் சுவிட்ச் ஆஃப். அதனால்தான் பைக்கை வைத்துவிட்டுப் போ, செக் லீஃப் கொடு, ஒரிஜினல் ஆதாரைக் கொடு என்கிறார்கள்.

இதில் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ளவே கூடாது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களிடம் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி இந்தியப் பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து. அடகுப் பொருளாக அதை வாங்கவோ கொடுக்கவோ எவருக்கும் உரிமையில்லை.

சிங்கப்பூர் லைசென்ஸ் செல்லுமா?

விமான நிலையத்தில் வண்டி எடுப்பவர்களின் தனிப் பிரச்சினை இது. சிங்கப்பூர், மலேசியக் குடிமக்கள் அங்கே சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கி வந்தால்தான் இங்கே ஓட்டுவதற்குச் சிக்கலில்லை. இந்தியக் குடிமக்களில் பலர் ஊரில் எப்போதோ எடுத்த லைசென்ஸ் காலாவதியானதைக் கவனித்திருக்க மாட்டார்கள். செல்லத்தக்க லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினால் பலகை எந்த நிறமாக இருந்தாலும் கிளெய்ம் சிக்கலாகும். ஒரு நல்ல செய்தியும் உண்டு. சாதாரண இலகுரக வாகன லைசென்ஸ் உள்ளவர் 7,500 கிலோவுக்குக் கீழ் எடையுள்ள வணிக வாகனத்தையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. கறுப்புப் பலகைக் காரை எடுக்கத் தனி பேட்ஜ் தேவையா என்ற பழைய சந்தேகம் அதோடு தீர்ந்தது.

சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்துப் பழகியவர்கள் முதலில் கேட்பது, விபத்தானால் என் கையிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு என்பது. ஒப்பந்தத்திலேயே அந்தத் தொகை இருக்கும், கூடுதல் காசு கட்டினால் அதைக் குறைத்துக்கொள்ளலாம். நம் ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்டால் “பார்த்துக்கலாம் சார்” என்பதே பதில். அதற்காக வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்கு என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவின் அட்லாண்டா விமான நிலையத்தில் ஹெர்ட்ஸ் நிறுவனம் 2025-ல் வண்டிகளை ஏ.ஐ. ஸ்கேனர் வழியாக அனுப்பத் தொடங்கியது. சக்கரத்தில் ஓர் அங்குலச் சிராய்ப்புக்கு ஒருவருக்கு 440 டாலர் பில் வந்தது. அதில் பழுதுக்கு 250, மீதி 190 டாலர் ‘செயல்பாட்டு’, ‘நிர்வாக’க் கட்டணங்களாம். நம் சந்தில் டார்ச் அடித்த தம்பி தேவலை என்று தோன்றுகிறது.

[பெட்டிச் செய்தி] சாவி வாங்கும் முன்

நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு, எம்-பரிவாகன் செயலியில் அந்த எண்ணைப் போட்டு வண்டியின் வகையும் இன்சூரன்ஸ் தேதியும் சரியா என்று பாருங்கள். பாலிசி நகலைக் கேளுங்கள், உபயோக வரம்புப் பத்தியைப் படியுங்கள். சேதமானால் உங்கள் பொறுப்பு எவ்வளவு, ஷெட்டில் நிற்கும் நாளுக்கு வாடகை உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஓனர் எதிரிலேயே வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்து, அப்போதே அவருக்கு அனுப்பிவிடுங்கள். வீடியோ கீறல் தகராறைத் தீர்க்கும். பாலிசியில் இல்லாததை அது கொண்டுவராது.

ரயில் போனாலும் வழக்கு போகாது

வெளியூர்க்காரர் இன்னொரு முறை திருச்சிக்கு வந்து அலைய மாட்டார் என்ற நம்பிக்கையில்தான் பாதி அட்வான்ஸ்கள் திரும்புவதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்த நம்பிக்கையைக் கெடுத்துவிட்டது. புகார்தாரர் தான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். தாம்பரத்துக்காரர் தன் மாவட்டத்தை விட்டு நகர வேண்டாம், உறையூர் ஓனர்தான் பதில் சொல்ல வர வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

அங்கே சொல்ல வேண்டிய வாதமும் கைவசம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் அபராதமாக எவ்வளவு எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கேட்க முடியாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு. நாலாயிரம் என்றால் டிங்கரிங், பெயின்டிங் பில் எங்கே என்று கேட்கலாம். பில் இல்லாமல் பிடித்த பணத்துக்கு ஆணையத்தில் பதில் சொல்வது சிரமம். அளவுக்கு மீறிய முன்பணமும் பொருத்தமில்லாத அபராதமும் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற வரையறைக்குள் வருகின்றன. ஆனால் ஒப்பந்தத்தையே எதிர்ப்பதென்றால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும்.

ஓனருக்கு வேறு வழி. கிளெய்மை நிறுவனம் மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு, பிறகு சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். 50 லட்சம் ரூபாய் வரை அவர் விசாரிக்கலாம், கட்டணமில்லை. வாடகைக்கு எடுத்தவர் பாலிசிதாரர் அல்ல என்பதால் இங்கே அவருக்கு இடமில்லை.

இவ்வளவும் நடந்து முடிந்த பிறகான வைத்தியம். நாலு கார் வைத்திருப்பவர் நாளைக்கே மனம் மாறி, சட்டப்படி கறுப்புப் பலகை மாட்டி, அதற்குரிய பிரீமியத்தைக் கட்ட நினைத்தாலும் அவருக்கு உரிமம் கிடைக்காது. ஆலப்புழை விபத்துக்குப் பிறகு கேரள மோட்டார் வாகனத் துறை நினைவூட்டியதும் அதே 50 கார் விதியைத்தான். பெரிய நிறுவனங்களை மனதில் வைத்து 1989-ல் எழுதிய எண் அது. அதை ஐந்தாகவோ பத்தாகவோ குறைக்க நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 75-வது பிரிவுப்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டால் போதும்.